மறுபடி கேட்காதவர்கள்

எங்கள் வீட்டில் யார் எதை நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று கொஞ்சம் இழுக்க வேண்டும். மூன்றாம் தடவைதான் கை நீளலாம். மலேசியாவில், கோலா சாவாவிலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டத்தில், எங்கள் வரிசை வீடுகள் அத்தனையிலும் இதுதான் சட்டம். பக்கத்து வீட்டு அக்கா நீட்டிய வாழைப்பழப் பொரியலை நான் ஒருமுறை கேட்டவுடனேயே எடுத்துக் கடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, வீட்டில் சோறு போடாத மாதிரி என்ன அலைச்சல் என்று கேட்டாள். அதன் பிறகு எனக்கு எவ்வளவு பசித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு தடவை மறுத்துவிடுவேன். சில வீடுகளில் இரண்டாம் தடவை கேட்காமலே தட்டை உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். அந்த வீடுகளை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

இந்தச் சட்டத்தை நாங்கள் வேற்றுக்கிரகவாசிகளிடமும் கடைப்பிடித்தோம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். தாத்தா பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்குத் தாயும் தகப்பனும் அம்மாவும் அப்பாவும்தான். தினமும் காலையில் பேக்டரி பஸ் ஏறி சிரம்பானுக்கு வேலைக்குப் போவாள். அந்தப் பேக்டரியில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒருவர், சுவா என்ற ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர், தாம் பழுது பார்த்த ஒரு பழைய கம்ப்யூட்டரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். நான் படிப்பதற்காம். அதற்கு முன்பு என் படிப்பைப் பற்றி அக்கறைப்பட்ட வெளியாள் யாரும் இல்லை. வீட்டில் எல்லாரும் அவரைச் சுவாக்காரர் என்றே சொன்னோம். சித்தி மட்டும் பெயரே சொல்லாமல் "அவரு" என்பாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் அவர் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தார். ஆகாயம் முழுக்கக் கிரகங்கள். நாம் கப்பல் கட்டலாம், சுரங்கம் தோண்டலாம், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தி அடுத்த சுற்றுக்குப் போகலாம். வேற்றுக் கிரகத்து ஜீவன்கள் கப்பலில் வரும். சுட்டால் போர், சுடாமல் பொறுமையாக இருந்தால் சினேகம். அதில் ஓர் இனம் எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அகர் அகர் ஜெல்லி மாதிரி ஆடுகிற பச்சை உடம்பு, நடுவில் ஒரே ஒரு பெரிய கண். எனக்கு அவற்றைச் சுட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. சித்தி விடமாட்டாள். சுவாக்காரர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார், அவை கூச்சப்படுகிற ஜீவன்கள், எல்லை ஓரத்தில் சும்மா கப்பலை நிறுத்திக் காத்திருந்தால் தாமாகவே பக்கத்தில் வரும் என்று.

காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சமையல் வேலை முடிந்து சித்தி வந்து உட்காருவாள். திரையின் ஓரத்தில் ஒரு நீல வெளிச்சம் வரும், நிற்கும், போய்விடும். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் கிட்டே வரும். வெளியே மோட்டார் சத்தம் கேட்டால் மட்டும் சித்தியின் கண் திரையை விட்டுச் சன்னலுக்குப் போகும். அது மீன் விற்கிறவரின் மோட்டாராக இருந்தால் திரும்பி வந்துவிடும்.

கடைசியில் ஒருநாள் அந்த ஒற்றைக்கண் திரை முழுவதும் வந்து நின்றது. கையில் நீலக் கல் ஒன்று. எங்களோடு கூட்டாக இருக்க விரும்புகிறார்களாம், அந்தக் கல்லைப் பரிசாக ஏற்றுக்கொள்வோமா என்று கேட்டார்கள். நான் துள்ளிக் குதித்து அழுத்தப் போனேன். சித்தி என் கையைத் தட்டிவிட்டாள்.

"கேட்டவுடனேயா வாங்குவாங்க? நம்மள என்ன நெனைப்பாங்க? இன்னொரு தடவ கேக்கட்டும்லா."

மறுக்கிற பொத்தானை அழுத்திவிட்டு மரியாதையாகச் சிரித்தாள், ஏதோ அவர்கள் பார்க்கிற மாதிரி. கண் மெல்ல மூடிக்கொண்டது. நீல வெளிச்சம் எல்லையைத் தாண்டிப் போயிற்று. அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என்று சித்தி அழுத்திக்கொண்டே இருந்தாள். அவர்கள் வரவில்லை.

சுவாக்காரர் வந்தபோது நான் புகார் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சித்தியைப் பார்த்து, "அவங்களுக்கு நம்ம பழக்கம் தெரியாதுங்க. ஒரு தடவதான் கேப்பாங்க" என்றார். சித்தி முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் அவர் தம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா கழுத்தில் சிறிய சிலுவை போட்டிருந்தார். தட்டில் ஆரஞ்சுப் பழமும் ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தன. என் கண் டின் மேலேயே இருந்தது. அம்மா தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கு அந்த அம்மா வேண்டாம் என்றார். மறுபடி கேட்டாள், எதுக்குச் சிரமம் என்றார். மூன்றாம் தடவை வாங்கிக் குடித்தார். அப்பாவின் முகத்தில் திருப்தி தெரிந்தது. நம்மைப் போன்ற ஆட்கள்தான் என்று நினைத்திருப்பார்.

பிறகு அந்த அம்மா விஷயத்துக்கு வந்தார். "எங்க பையனுக்கு உங்க வீட்டுப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்கு தம்பி. கோயிலு, சேர்ச்சு எல்லாம் பேசிக்கலாம். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

சித்தியும் நானும் அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றோம். அவள் கை என் தோளில் இருந்தது.

"இப்ப என்னாம்மா அவசரம்" என்றார் அப்பா. "பார்ப்போம்."

அந்தக் கை என் தோளை வலிக்க வலிக்கப் பிடித்தது. நான் நெளிந்தேன். அவள் விடவில்லை.

அப்பாவுக்கு ஒரு மறுப்பும் இல்லை. மறுவாரமே தாம் வேலைக்கு ஓட்டும் லோரியை ரந்தாவ் கடைத்தெருவில் நிறுத்தி, அடுத்த தடவை அவர்கள் வந்தால் உட்கார என்று மெத்தை வைத்த இரண்டு நாற்காலிகள் வாங்கி வந்தார். அழுக்காகிவிடும் என்று பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க விடவில்லை. பெண் வீட்டுக்காரன் முதல் பேச்சிலேயே தலையாட்டினால் பெண்ணைத் தள்ளிவிடக் காத்திருந்தது போலாகிவிடும், தேநீருக்கே மூன்று தடவை கேட்க வைத்தவர்களுக்கு இது தெரியாதா என்பது அவர் கணக்கு. ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தன. அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், சுவா பக்கம் லோரி போகும்போது ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமே என்றாள். நாமாகப் போய்க் கேட்பதா என்றார் அப்பா. சித்தியோ, ஞாயிறு தவறாமல் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து அடுத்த சுற்றை அழுத்திக்கொண்டிருந்தாள்.

சுவாக்காரர் பினாங்குக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்ற செய்தி பேக்டரி பஸ்ஸில்தான் அவளுக்குக் கிடைத்தது. வேதக்காரப் பையன் என்பதால் எங்கள் வீட்டில் நாசூக்காக மறுத்துவிட்டார்கள் என்று அவர் வீட்டில் நினைத்துக்கொண்டார்களாம். சித்தியை மேலும் சங்கடப்படுத்தக் கூடாது என்று அவரும் ஒன்றும் கேட்காமலே போனாராம். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது, சித்தி வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள் என்பது மட்டுமே. காய்ச்சல் என்று நினைத்தேன்.

அவளைச் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒரு வழி இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தான். விளையாட்டு தன் பழைய சுற்றுகளையெல்லாம் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்குமாம், வேண்டிய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாமாம். அடுத்த ஞாயிறு மத்தியானம், மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தபோது, நான் சித்தியை இழுத்து வந்து புது நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

"பழைய எடத்துக்கே போலாம் சித்தி. அவங்க கேக்குறதுக்கு முன்னுக்கு."

"போக முடியுமா?" என்றாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"முடியும். நான் கத்துக்கிட்டேன்."

போனோம். நீல வெளிச்சம் எல்லைக்கு வந்தது. ஒற்றைக்கண் திரை முழுவதும் நின்று கல்லை நீட்டியது. கேள்வி முழுதாகத் திரையில் வந்து முடிவதற்குள் சித்தி ஏற்றுக்கொண்டாள். கண் அகல விரிந்தது, பச்சை உடம்பு குலுங்கிக் குலுங்கி ஆடியது, அவர்களுடைய கப்பல் எங்கள் கிரகத்தின் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டது. எத்தனை சுற்று அழுத்தினாலும் அது போகவில்லை.

நான் கைதட்டினேன். சித்தி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வராதபோதெல்லாம் அழாதவள் வந்த பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சந்தோஷத்தில்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

"சித்திகிட்ட வந்துட்டாங்கம்மா. இனிமே போவ மாட்டாங்க."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். சித்தியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் திரையின் பக்கம் திரும்பவே இல்லை. பாருங்கம்மா, பக்கத்திலேயே நிற்கிறார்கள் பாருங்கள் என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.