மருந்துக்கடைப் பஞ்சில் ஒரு முழ நூல்

காலை ஏழு மணி. சிட்னி விமான நிலையத்தில் என் பெட்டி ராட்டையைத் தடவிப் பார்த்த பெண் அதிகாரி, சிரித்தபடி அதைத் திருப்பித் தந்தார். பருத்திப் பொட்டலத்தைத் தரவில்லை. உள்ளே விதை இருந்தது; விதையை அந்த நாட்டுக்குள் விட மாட்டார்களாம். தப்பு என்னுடையதுதான். சுதந்திரப் போராட்டத்தில் கதர் எப்படி வந்தது என்று தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட அழைத்திருந்தார்கள். கொட்டையிலிருந்து நூல் வரை காட்டுகிறேன் பேர்வழி என்று, திருப்பூரிலிருந்து கொட்டை எடுக்காத பருத்தியை மட்டும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். முப்பது வருடமாக நூற்கிறவனுக்கு வந்த புத்தியைப் பாருங்கள்! பதினொரு மணிக்கு நிகழ்ச்சி.

எட்டரைக்குக் காரில் ஏற்றிக்கொண்டவர் யோகன், பள்ளியின் தொண்டர், யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளி இருக்கும் மேய்ஸ் ஹில்லுக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்.

"என்ன அண்ணை, முகம் வாடிப்போயிருக்கு?"

சொன்னேன்.

"இதுக்கே? மருந்துக்கடையில பஞ்சு வாங்குவம்."

ஹரிஸ் பார்க்கில் நிறுத்தி ஒரு சுருள் வாங்கினார். நாலரை டாலர். எந்த நாட்டுப் பஞ்சு என்று உறையைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காரிலேயே நூற்றுப் பார்த்தேன். இழுத்த இடத்திலெல்லாம் அறுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

யோகன் ஒரு துண்டைப் பிய்த்துத் தொடையில் வைத்து, அவசரமில்லாமல் தடிப்பாக உருட்டினார். "சண்டைக் காலத்தில எங்கட பக்கம் அரசாங்கம் சாமான் ஒண்டும் விடேல்லை. சொட்டு மண்ணெண்ணெயில ஜாம் போத்தல் விளக்கு எரிச்சனாங்கள். எத்தினை திரி உருட்டியிருப்பன்!"

அவர் உருட்டித் தந்ததை ராட்டையில் வைத்து, பாதி வேகத்தில் சுற்றினேன். நூல் அறாமல் நின்றது. அப்பாடா!

பதினொன்றேகாலுக்கு அரங்கில் நாற்பது பிள்ளைகள் முன்னால் அவர் உருட்ட, நான் நூற்றேன்.

"அங்கிள், why? கடை எல்லாம் closed-ஆ?" என்றாள் ஒரு சிறுமி.

"கடை நிறைய வெளிநாட்டுத் துணி இருந்ததும்மா. நாங்க வாங்க மாட்டோம்னு சொன்னோம்."

"எங்களுக்கு வாங்க ஒண்டும் இருக்கேல்லை, பிள்ளை," என்றார் யோகன். தற்சார்பு பற்றி நான் எழுதிக்கொண்டு வந்திருந்த நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

ஊரில் எங்கள் கதர்ச் சங்கத்தில் விருந்தினருக்குப் பூமாலை கிடையாது. நூற்ற நூலைத்தான் மாலையாகப் போடுவோம். அன்றைய நூல் ஒரு முழம்கூடத் தேறவில்லை. யோகனின் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

"கவனம் அண்ணை, அறுந்திடும்," என்றார்.

திரும்பும் வழி முழுக்க அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் கார் ஓட்டினார்.