போடாமல் விட்ட இரண்டு ஊசிகள்

இதை எழுதலாமா கூடாதா என்று பன்னிரண்டு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். ஒவ்வொரு கிருத்திகைக்கும் வல்லக்கோட்டை முருகன் சன்னிதியில் நிற்கும்போது, இந்த மாதம் எழுதிவிடுவேன் என்று சொல்லிக்கொள்வேன். ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் வெட்கம் வந்து வாயை அடைத்துவிடும். நான் எட்டாவது வரை படித்தவன். கடிதமும் பிராதும் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது, குடும்பத்தில் இப்படி ஒரு நோய் இருந்தது என்று தெரிந்தால் யார் வருவார்கள் என்ற பயமும் இருந்தது. இப்போது கடைசிப் பெண்ணும் புகுந்த வீடு போய்விட்டாள். இனி பயப்பட எனக்குக் காரணம் இல்லை.

என் தம்பியைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைவிட ஏழு வயது இளையவன். பாசக்காரன் என்று பாதி ஊர் சொல்லும், கோபக்காரன் என்று மீதி ஊர் சொல்லும். இரண்டும் ஒரே நாளில் நடக்கும். காலையில் டீக்கடையிலிருந்து எனக்கு டம்ளரில் டீ வாங்கிக்கொண்டு ஓடி வருவான். "நீ இல்லன்னா நான் இன்னா ஆவேன்ணா" என்பான். சாயங்காலம் அவன் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வேறு யாருக்காவது பதில் சொல்லிவிட்டால் போதும், "நீ எனக்கு அண்ணனே கெடையாது" என்று சட்டையைக் கிழித்துக்கொண்டு போவான். முழங்கைக்குக் கீழே அவனே போட்டுக்கொண்ட தழும்புகள் வரிசையாக இருக்கும். ஏன்டா இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "வலிச்சாத்தாண்ணா உள்ள கீறது அடங்குது" என்றான். எனக்கு விளங்கவில்லை. கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

பென்னலூரிலிருந்து பெண் எடுத்தோம். அதிகம் பேசாத பெண், ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுவாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். தம்பி செங்கல் சூளைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பட்டணத்துக்குக் கல் ஏற்றிப் போகிறவன், ஒரு நாளைக்கு மூன்று தடவை லாரியை வீட்டு வாசலில் நிறுத்தி அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போவான். குழாயடியில் பெண்கள் அவளைச் சீண்டுவார்கள்.

"இன்னாடி, உன் வூட்டுக்காரு லாரிய ஓட்றாரா, உன்ன காவல் காக்குறாரா?"

"ரெண்டுத்துக்கும் சேத்து சம்பளம் கேளுடி சூளை சேட்டுகிட்ட" என்பாள் இன்னொருத்தி.

அவள் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் தாய்வீட்டுக்கு இரண்டு நாள் போனால் தம்பிக்குத் தாங்காது. அந்த இரண்டு நாளில் லாரி போகிற வழியில், பணம் வாங்கிக்கொண்டு வருகிற பெண்களிடம் போய்விடுவான். திரும்பி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். ஒரு தடவை நான் அவனை அடித்துக்கூட விட்டேன். அவன் தடுக்கவில்லை.

"அதுங்க மூஞ்சிகூட எனக்கு ஞாபகம் இல்லண்ணா. வூடு காலியா கீது பாரு, அப்ப நான் இருக்கறனா செத்துட்டனான்னே தெரியல. யாராவது பக்கத்துல இருந்தா போதும்னு ஆயிடுது."

நான் அதைக் காமம் என்றுதான் நினைத்தேன். விரதம் இருந்தால் காமம் போகும் என்று நினைத்தேன்.

பிறகு நோய் வந்தது. முதலில் வந்த புண்ணை அவன் மறைத்துவிட்டான். உள்ளங்கையில் செம்புள்ளிகள் வந்த பிறகுதான் என்னிடம் காட்டினான். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆண் பெண் சேர்க்கையில் தொற்றுகிற மேக நோய் என்றார் டாக்டர். வயதானவர், திட்டவில்லை.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க."

"அவங்க உண்டாயிருக்காங்களா?"

"நாலு மாசம்" என்று நான்தான் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இவர விட அவங்களுக்குத்தான் அவசரம். வாரத்துக்கு ஒண்ணு, மொத்தம் மூணு ஊசி. நடுவுல விடக்கூடாது. விட்டா குழந்தைக்கு ஆபத்து. எதுக்குப் போடறோம்னு அவங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சாதான் மூணையும் போட்டுக்குவாங்க."

அவளிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று அவரிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

அவர் தம்பியின் கையிலிருந்த தழும்புகளையும் பார்த்துவிட்டு மனநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டரம்மா அவனிடம் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"இவருக்குப் பைத்தியம் இல்ல. சின்ன வயசிலேருந்து குணத்தோட சேந்தே வளந்துட்ட ஒரு கோளாறு. தன்னை விட்டுட்டுப் போயிடுவாங்களோன்ற பயம் வந்தா இவரால தாங்கிக்க முடியல. அப்ப யாரு, இன்னா, நோய் வருமான்னு யோசிக்கற நிதானம் போயிடுது. இந்தக் கோளாறு உள்ளவங்க எல்லாரும் இப்படிப் போவாங்கன்னு இல்ல. இவருக்கு இப்படி ஆயிருக்கு."

"மருந்து எழுதிக் குடுங்கம்மா."

"மருந்து கொஞ்சம்தான். மாசம் ரெண்டு தடவ கூட்டிகிட்டு வாங்க. பேசிப் பேசித்தான் சரி பண்ணணும். வருஷக்கணக்குல ஆகும்."

பேசினால் நோய் போகுமா என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் பேச்சுக்கு என்ன குறைச்சல். அந்த அம்மாவிடம் நாங்கள் திரும்பப் போகவே இல்லை.

வரும் வழியில், ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறும்போது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அவளுக்குத் தெரிஞ்சா என்ன உட்டுட்டுப் போயிடுவா. போயிட்டான்னா அதோட நான் இல்ல. அம்மன் மேல சத்தியம் பண்ணு, சொல்லமாட்டேன்னு." நான் சத்தியம் பண்ணினேன். அவளிடம் அது பிள்ளைக்கான சத்து ஊசி என்று சொன்னேன். அதே ஆஸ்பத்திரியில் முதல் ஊசியை அவள் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "பட்டணத்துல இதுக்கெல்லாம்கூட ஊசி கீதுக்கா" என்று அதிசயமாகச் சொன்னாள்.

அது ஆடி மாதம். எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தது. காப்புக் கட்டிக்கொண்டவர் தீமிதி முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. பத்து நாள். அந்த வருஷம் என்னோடு தம்பிக்கும் கட்டவைத்தேன். அவன் தீ மிதித்தால் அவனுக்குள் இருப்பதை அம்மன் எரித்துவிடுவாள் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாவது ஊசி காப்புக் கட்டிய மூன்றாம் நாள். மூன்றாவது ஊசி தீமிதி அன்று. இரண்டும் எனக்குத் தெரியும்.

கர்ப்பிணிக்குக் காப்பு இல்லை. அவள் எல்லை தாண்டலாம். என் மனைவியோடு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் ஆஸ்பத்திரியில் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களே, சத்தியம் போய்விடுமே என்று யோசித்தேன். அம்மன் காரியம், எல்லை தாண்டக்கூடாது என்ற பேச்சுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். இதைச் சாமி பேரில் பழி போட்டு எழுத முடியாது. அம்மன் தடுக்கவில்லை. நான்தான் தடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்றாள்.

"மாமா, இன்னைக்கு ரெண்டாவது ஊசின்னு சொன்னாங்களே."

"காப்புக் கட்டிகினு கீறோமேம்மா."

"நானும் அக்காவும் போய்ட்டு வரட்டா? டாக்டர் நடுவுல உடக்கூடாதுன்னாரே."

"ஒரு ஊசியே போதும்மா. உனக்கு உடம்பு தேறிடுச்சு. அம்மா பாத்துக்குவா."

அவள் சரிங்க மாமா என்று உள்ளே போய்விட்டாள். என்னை நம்பித்தான் போனாள்.

தம்பி தீ மிதித்தான். அதன் பிறகு நாற்பது நாளுக்கு மேல் வீட்டில் ஒரு சண்டை இல்லை. அவன் ஊசி போட்டுக்கொள்ளாமலே உள்ளங்கைப் புள்ளியும் மறைந்துவிட்டது. நான் அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். அந்தப் புள்ளி தானாகவே மறையும், நோய் மட்டும் உள்ளேயே இருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவளைப் பென்னலூருக்கு அழைத்துப் போனார்கள். வளையல் சத்தம் தெருமுனை தாண்டுவதற்குள் தம்பியின் முகம் மாறிவிட்டது. தினமும் லாரியை எடுத்துக்கொண்டு அவள் தாய்வீட்டு வாசலுக்குப் போய்ச் சண்டை போட்டான். பிறகு பழையபடி வழியில் வருகிற பெண்களிடம் போக ஆரம்பித்துவிட்டான். எட்டாம் மாதத்தில் அவளுக்கு வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண் பிள்ளை. தோல் உரிந்திருந்தது. துணியில் சுற்றி என்னிடம்தான் கொடுத்தார்கள். ஊசியை முழுக்கப் போட்டிருந்தால் இந்தப் பிள்ளை பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பூசாரிக்கு விஷயம் தெரிந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்த என்ன கேக்கக்கூடாதா நைனா? உசுரு காரியம்னா காப்ப அவுத்து வேப்பமரத்துல கட்டிட்டுப் போய்வான்னு சொல்லியிருப்பேனே. அம்மனும் பெத்தவதானே, புரிஞ்சிக்க மாட்டாளா?"

ஊரில் பேச்சு கிளம்பியது. நோய் என்று தெரிந்துவிட்டது, யாரிடமிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. ஒரு நாள் தெருவில் நான்கு பேர் முன்னால் தம்பி கத்தினான். "அவதான் கொண்டாந்தா. பென்னலூர்ல இன்னா பண்ணாளோ." பயம் வந்தால் அவனுக்கு எந்த வார்த்தையும் வரும். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பேச்சு ஸ்ரீபெரும்புதூர் சந்தைவரைக்கும் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒன்பதாம் நாள் பென்னலூருக்குப் போனேன். அவளும் அவள் அம்மாவும் இருந்தார்கள். நோயின் பெயரைச் சொன்னேன், எப்படி வந்தது என்று சொன்னேன், சத்தியம் பண்ணினதைச் சொன்னேன். அவள் அம்மா என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எல்லாம் தகும். அவள் திட்டவில்லை.

"அப்ப அது சத்து ஊசி இல்லியா மாமா?"

"இல்லம்மா."

"நான் கேட்டேனே மாமா. நடுவுல உடக்கூடாதுன்னாரேன்னு கேட்டேனே."



அவளுக்கு மறுபடியும் முதலிலிருந்து மூன்று ஊசி போட்டார்கள். மூன்று வாரமும் நான் அதே பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். முன்னால் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.  நோய் குணமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு அவள் வரவில்லை. அந்தக் கெட்ட பேச்சினால் வேறு கல்யாணமும் அமையவில்லை. தையல் தைத்துப் பிழைக்கிறாள்.

தம்பியையும் ஊசிக்குக் கூப்பிட்டேன். "நீ அவ பக்கம் போயிட்டல்ல" என்றான். டாக்டரம்மா சொன்னதை அப்போதுதான் நான் முழுக்க யோசித்துப் பார்த்தேன். இப்போதாவது அவர்களிடம் போகலாம் வாடா என்று கெஞ்சினேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான், அடுத்த நிமிஷம் தள்ளிவிட்டு லாரி ஏறினான். நான்கு வருஷம் கழித்து பெங்களூர் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்திருப்பதாக ஆள் வந்து சொன்னார்கள். போய்ச் சேர்ந்தபோது உடம்பைத்தான் பார்த்தேன். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு இருந்ததும் ஒரு நோய். அதற்கு வைத்தியம் சொன்ன இடத்துக்கு நான் அவனை இரண்டாவது முறை அழைத்துப் போகவில்லை.

போன மாதம் பென்னலூருக்குப் போய், இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். மிஷினை நிறுத்தாமலே சொன்னாள். "எழுதுங்க மாமா. யாரு பேரும் வாணாம். எதையும் பூசி மெழுகாதீங்க."

மெழுகவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு ஒரு ஊர் தாண்டினால் ஆண் செய்தது பெண் தலையில் ஏறிவிடுகிறது. அதனால் இதைப் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்க வேண்டாம், அவனைப் பேயாக்க வேண்டாம், நோயை அவள் கொண்டுவந்ததாக ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். நடந்தது இதுதான். இப்படியே சொல்லுங்கள்.