செல்வராணி அக்கா கேட்ட அரிவாள்மணை

ஞாயிற்றுக்கிழமை காலை வலங்கைமானில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். அதிராம்பட்டினத்திலிருந்து காதர் போன் செய்தான். "அண்ணே, நம்ம அக்கா போயிட்டாங்க" என்றான். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான அக்கா ஒருவர்தான். வந்த பேருந்தில் ஏறத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தஞ்சாவூரில் செல்வராணி அக்காவின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்துபோனவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? லுத்தரன் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். கணவர் குவைத்திலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் வைத்துத் தொழிலைத் தொடங்கினார். தெருச்சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரோரம் உமி மூட்டைகளை அடுக்கினார். மாதா பாட்டு, மாரியம்மன் பாட்டு, நாகூர் ஆண்டவர் பாட்டு எல்லாம் அந்த உமி வாசத்தில்தான் பதிவாயின. அங்கே தும்மாத பாடகர் யாராவது உண்டா, சொல்லுங்கள்!

நான் அங்கே கீபோர்டு வாசித்தேன். எனக்கும் அக்காவுக்கும் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. பதிவு செய்த தாளத்துண்டை அடி அடியாக நறுக்கித் தரும் லூப் ஸ்லைசர், அக்காவின் ஒலிப்பதிவு மென்பொருளில் கிடையாது. தாளத்தை வேறொரு மென்பொருளுக்குக் கொண்டுபோய் நறுக்கி, திரும்ப இங்கே கொண்டுவர வேண்டும். "பதிவு பண்றது ஒண்ணு, நறுக்கறது ஒண்ணு. தனித்தனியா இருந்துட்டுப் போகட்டுமேக்கா" என்பேன்.

"ஏன்ப்பா, அடுப்பு என் வீட்ல, அரிவாள்மணை அடுத்த வீட்லயா? ஒவ்வொரு கத்திரிக்காய்க்கும் நான் அங்க ஓடணுமா?" என்பார்.

"உள்ளயே இருந்தா எல்லாத்தையும் வெட்டிக்கிட்டே இருப்பீங்க. அப்புறம் வாசிக்கிறவன் எதுக்கு?"

அதற்கு மட்டும் அக்கா சிரிக்க மாட்டார். "அது பயம்ப்பா. பயத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்பார்.

காதர் எங்கள் டோலக் வாசிப்பவன். அவன் தங்கை கல்யாணத்துக்கு முன்பே சவூதிக்கு விசா வந்துவிட்டது. "கல்யாணத்துல நான்தான் இருக்க மாட்டேன், என் கையாவது இருக்கட்டும்க்கா" என்று கல்யாணப் பாட்டுக்கு வாசித்துவிட்டு விமானம் ஏறினான். அதன் பிறகு பாட வந்தார் அவனுடைய தாய்மாமன். வயதானவர். அந்த வேகத்துக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வரிக்குள் உட்கார்ந்துவிட்டார். வேகத்தைக் குறைத்தால் டோலக் தொண்டை கட்டியதுபோல் கனத்தது. மென்பொருளில் சுருதி மாறாமல் நீட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் எதிரொலிபோல் ஒரு வால் முளைத்தது. வேறு ஆளை வைத்து வாசிக்கலாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அவன் கேட்டது டோலக் இல்லப்பா, அவன் கை."

இரண்டு மென்பொருளுக்கும் நடுவே ஓடி ஓடி, அடி அடியாக நறுக்கி, மெதுவான தாளத்தின் கட்டங்களில் அச்சுப் பிசகாமல் அடுக்கினார். இடையில் கரண்ட் போய், சேமிக்காத வேலையெல்லாம் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. காதர் போன் செய்தபோது ரிசீவரை ஸ்பீக்கர் அருகே பிடித்துக் கேட்கவைத்தோம். கடைசிவரை கேட்டான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சத்தம் என்னோடதுதான். ஆனா நான் வாசிச்ச மாதிரி இல்லியே" என்றான்.

வேறொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். அக்கா அவன் வாசித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்றாவது அடியில் காதர் எப்போதும் ஒரு மயிரிழை பிந்துவான். அதைத் தப்பு என்று நினைத்து நேராக்கியது அக்காதான். "நல்லா நடந்தவனுக்கு நான் லெஃப்ட் ரைட் சொல்லியிருக்கேன்ப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூன்றாவது அடியையும் பழையபடி பிந்தவைத்தார். கல்யாணத்தில் பாட்டு ஒலித்ததும் காதரின் அம்மா சோற்றுப் பந்தியை விட்டு ஓடிவந்து, "எம் புள்ள வந்துட்டானா?" என்று ஸ்பீக்கர் பக்கம் தேடினாராம். அதைக் கேட்டு அக்கா அழுதார். நானும்தான்.

"அரிவாள்மணை உள்ளதான் இருக்கணும். ஆனா எங்க வெட்டணும்னு அது எனக்குச் சொல்லக் கூடாது" என்று அன்று அக்கா சண்டையை முடித்துவைத்தார். நான் விடுவேனா? அதற்குப் பிறகும் சண்டை போட்டேன். அக்காவோடு சண்டை போடுவது அவ்வளவு சுகம்.

ஆலயத்தில் நினைவு ஆராதனைக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். ஊர் திரும்பிவிட்ட காதரும் நானும் அக்காவின் பழைய பதிவு ஒன்றை எடுத்தோம். அதன் தொடக்கத்தில் அக்கா எண்ணும் குரல் இருந்தது. "ஒண்ணு, ரெண்டு..." பிறகு ஒரு மூச்சு. பிறகு "மூணு." பாட்டு வெளிவரும்போது எப்போதும் நாங்கள் வெட்டியெறியும் பகுதி அது. இப்போது என் மென்பொருளுக்குள்ளேயே ஸ்லைசர் இருக்கிறது. அக்கா கேட்டது வந்துவிட்டது; கேட்டவர்தான் இல்லை. ஒரு சொடுக்கில் அது அக்காவின் குரலை மூன்று துண்டாக்கிக் கோடு போட்டு, பிந்திய "மூணு"வை நேராக்கட்டுமா என்று கேட்டது.

"வேணாம்ணே" என்றான் காதர்.

வேண்டாம் என்று அழுத்தினேன். ஆராதனையில் அதை அப்படியே ஒலிக்கவிட்டோம்; கூடவே வாசிக்கக் காதர் டோலக்கோடு உட்கார்ந்தான். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு மூச்சைத்தான். அந்த "மூணு" வரும்வரை காதரின் கை டோலக்கின் மேல் காத்திருந்தது.