சந்தனத்துக்கு அடியில் நான்கு எண்

அரபு நாட்டில், ஜெபல் அலி பக்கம் ஒரு யார்டில் எனக்கு வேலை. குளிர்காலத்தில் பாலைவனத்தில் தங்கப் போகும் குடும்பங்களுக்கு நாங்கள் கேரவன் வாடகைக்கு விடுவோம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், சக்கரம் வைத்த அறை அது. வெளியே அனுப்பும் முன் டயர் பார்ப்பது என் டூட்டி.

கேரவன் டயர் ஆளை ஏமாற்றும். வருஷத்தில் நாலு மாதம்தான் ஓடும், மீதி நாளெல்லாம் வெயிலில் நிற்கும். ரோட்டில் உரசும் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் உள்ளுக்குள் செத்துப்போகும். அதனால் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்ணைப் படிக்க வேண்டும். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று அது சொல்லிவிடும். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் கழற்றிவிட வேண்டியதுதான்.

அந்த வருஷம் ஆயுதபூஜையை யார்டிலேயே போட்டோம். நான்தான் முன்னால் நின்று எல்லா டயருக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் காலையில் ஒரு கேரவன் கிளம்பியது. அதை வாடகைக்காரர்களிடம் இழுத்துப்போய் விடுகிற யார்டு டிரைவர் என் ரூம்காரன், ஊரில் எனக்குப் பக்கத்துக் கிராமம்.

ஒரு டயரில் எண் மேலேயே சந்தனம் காய்ந்து கிடந்தது. சாமிக்கு வைத்ததை மறுநாளே சுரண்டுவதா என்று கை போகவில்லை. அதில் பக்தி பாதி, சோம்பல் மீதி. பட்டனைத் தடவினேன், காற்றை அளந்தேன். புதுசு போலத்தான் இருந்தது.

"பாய், டயர் சப் டீக்?" என்று, டயரெல்லாம் சரிதானா என ஃபோர்மேன் இந்தியில் கத்தினார்.

"டீக் ஹை பாய்" என்று தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் பெரிய ரோட்டில் அந்த டயர் வெடித்தது. கேரவன் ஆடி, காரையும் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பில் மோதியது. அவனுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. ஆணி ஏறியிருக்கும் என்று ஃபோர்மேன் முடிவுகட்டிவிட்டார். கேரவனை யார்டுக்கு இழுத்துவந்த பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்து, கிழிந்த டயரில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். ஏழு வருஷத்துப் பழசு.

மாவுக்கட்டோடு அவன் ரூமுக்கு வந்த அன்று நான்தான் சோறு ஊட்டினேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது ஊரிலிருந்து அவன் மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். அவன் இடது கையால் போனை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, நீங்க பூசை போட்டு அனுப்புனதாலதாண்ணே இவரு உசுரோட இருக்காரு. மாமாவக் கும்பிடுங்கடா!"

பிள்ளைகள் இரண்டும் கைகூப்பின. பாவி, நானும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கும்பிட்டேன்.