தளை தட்டிய மூன்றாம் அடி

எங்கள் தெருவில் லைன்மேனாக இருந்த நண்பர் வெண்பா எழுதுவார். பாகூரில் நான் தமிழாசிரியர் என்பதால் எழுதியதையெல்லாம் என்னிடம் காட்டுவார். ஒருமுறை நூலகக் கூட்டத்தில், பலர் முன்னால், அவர் பாட்டில் இரண்டு பிழைகளைச் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அதற்குப் பிறகு எதையும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாசியில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். கருமாதிக்கு ஐந்து நாள் இருக்கையில் அவர் மனைவி ஒரு நோட்டோடு வந்தார்.

"சார், இந்தப் பாட்ட கருமாதி கார்டுல போடலாம்னு இருக்கறோம். என்னப் பத்தி எழுதன மாதிரி இருக்குது. தப்பு இருந்தா திருத்திக் குடுங்க. நாலு பேரு படிப்பாங்க."

நோட்டு முழுக்கப் பாட்டுகள். எனக்குக் காட்டாத ஆண்டுகளில் எழுதியவை. புரட்டவே கூச்சமாக இருந்தது.

அந்த அம்மா காட்டிய பாட்டை அசை பிரித்துப் பார்த்தேன். நான்கடியிலும் எதுகை சரி. ஈற்றுச்சீரும் சரி. மூன்றாம் அடியில் 'வாழ்ந்த தோழி' என்ற இடத்தில் பென்சில் நின்றது. 'வாழ்ந்த' தேமா. அடுத்த சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். 'தோ' நேரசை; தளை தட்டுகிறது.

"ஒரு எடத்துல தட்டுதும்மா. 'மனைவி'ன்னு மாத்துனா சரியாயிடும்."

சொல்லிவிட்டு மறுபடி பார்த்தபோதுதான், 'தோழி'க்குக் கீழே ஒரு சொல் அடிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தேன். 'மனைவி'. அதற்கு மேலே அசை பிரித்த சின்னக் கோடுகள்கூட இருந்தன. சரியாக எழுதி, சரிபார்த்து, பிறகு அடித்திருக்கிறார்.

அதை அவர் மனைவியிடம் சொன்னேன்.

"அப்போ, தப்புன்னு தெரிஞ்சேவா எழுதனாரு?"

"ஆமாம்மா. தெரிஞ்சேதான்."

"ஒருநாளும் என்ன அப்டிக் கூப்ட்டதில்லியே சார். வூட்ல வாடி, போடிதான்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அவரே, "அப்டியே இருக்கட்டும்," என்று நோட்டை வாங்கிக்கொண்டார்.

கருமாதியன்று வில்லியனூரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், யாப்பு தெரிந்தவர், கார்டோடு என்னிடம் வந்தார்.

"இன்னா சார், நீங்க பாக்கலியா? மூணாவது அடி தட்டுதே."

"பாத்தேன். எழுதனவரும் பாத்திருக்காரு," என்றேன்.

அவர் விளங்காமல் கார்டை மறுபடி படித்தார். பந்தலில் அடுத்த வரிசைக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.