கம்பியைத் தொட்டுக் கை கொடுப்பவர்

திருத்தங்கல் ஊர்வலத்தில் எனக்குப் பக்கத்தில் நடந்தவரின் பெயரை நான் கேட்கவில்லை. கறுப்புச் சட்டை போட்டிருந்தார். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குபவர்; எவ்வளவு தேய்த்தும் போகாத அலுமினியப் பொடி காதோரம் மின்னியது. மருந்தறைக்குள் நுழையுமுன் உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவது அவர்கள் வழக்கம். இவர் வெளியிலும் அதை விடவில்லை. யாருக்கும் கை கொடுக்குமுன் பக்கத்தில் இருக்கும் கம்பியைத் தொட்டுக்கொள்வார்.

"சாமி இல்லை என்று சொல்லவும் உரிமை உண்டு" என்று கோஷம் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் திரும்பினோம். கற்கள் பறந்து வந்தன. பின்னாலேயே உருட்டுக்கட்டைகளோடு ஆட்கள் பாய்ந்தார்கள். ஓர் இளைஞன் இவரைக் கீழே தள்ளி மண்டையிலேயே அடித்தான்.

அப்போது கிழக்கே பெரிய வெடிச்சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் அது கேட்டால், எந்தப் பட்டாசுக் கம்பெனியோ என்று யாருக்கும் கண் புகையைத்தான் தேடும். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் அப்படியே நின்று வானத்தைப் பார்த்தோம்.

"வீட்டுல யாரும் வேலைக்குப் போயிருக்காகளா, தம்பி?" ரத்தம் வழியக் கிடந்தபடியே இவர் கேட்டார்.

"தங்கச்சி. ஆனைக்குட்டம் பக்கம்." ஓங்கிய கட்டையை இறக்காமல் வானத்தைப் பார்த்தபடியே சொன்னான் அடித்தவன்.

புகை எழவில்லை. ஏதோ கல்குவாரி வெடியாக இருக்க வேண்டும்.

"நல்லவேளை," என்றார். சொல்லி முடிப்பதற்குள் கட்டை அவர் வாயில் இறங்கியது.

ஆட்டோவில் ஆத்திரம் தாங்காமல் கேட்டேன். "அவன் நின்னப்பவே எந்திரிச்சு ஓடியிருக்கலாம்ல, அண்ணாச்சி?"

"தங்கச்சி அங்கன இருக்குன்னுட்டானே," என்றார், பல் போன வாயால். "புகை வருதா இல்லையான்னு தெரியாம எப்படி ஓட?"

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடக் கை நீட்டினேன். அந்த நிலையிலும் ஆட்டோக் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் என் கையைப் பிடித்தார்.