தெரியாமல் திரும்பும் இருக்கை

எனக்குப் பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரம் போவதற்குள் முகம் வெளுத்துவிடும். அப்படிப்பட்டவள் விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டர் செய்யப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள்.

கைலாசபுரத்துக்கு அப்பால் ஒரு ஷெட்டில், என்னோடு கல்லூரியில் படித்த நண்பனும் நானும் அதைச் செய்தோம். விமானி அமரும் காக்பிட்டின் மாதிரி ஒன்றை ஆறு மோட்டார் கால்கள் தாங்கி நிற்கும். திரையில் விமானம் திரும்பும்போது கால்கள் இருக்கையைச் சாய்க்கும்.

சோதித்துப் பார்க்க, விமானப் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண் பைலட் வந்தார். பாதியிலேயே இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"படம் ஒரு பக்கம் போகுது, சீட்டு இன்னொரு பக்கம் இழுக்குது. இதுல பிள்ளைங்களை உக்கார வைக்க முடியாதுங்க."

காரணம் எங்களுக்குப் புரிந்தது. கால்கள் நீளும் தூரம் கொஞ்சம்தான். ஒரு தள்ளு தள்ளியதும், அடுத்ததற்காக இருக்கை நடுவுக்கு வந்தாக வேண்டும். அந்தத் திரும்புதல் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக் கூடாது. கணக்குப்படி தெரியாதுதான். ஆனால் அவர் உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

"நான் உக்காந்து பார்க்கறேன்" என்றேன்.

"உனக்குப் பஸ்ஸே ஒத்துக்காது. வேற யாரையாவது கூப்பிடுவோம்" என்றான் நண்பன்.

"எனக்குத்தான் சீக்கிரம் தெரியும். ஆன் பண்ணு."

கண்ணைக் கட்டிக்கொண்டேன். இருக்கை நடுவுக்குத் திரும்புவதை உணரும்போதெல்லாம் கையைத் தூக்குவேன். அவன் வேகத்தைக் குறைப்பான். இரண்டு முறை வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். "போதும், நாளைக்குப் பார்க்கலாம்" என்றான். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் ஏறினேன். மறுநாளும் ஏறினேன்.

வேகம் குறையக் குறைய வேறொரு சிக்கல் வந்தது. இருக்கை நடுவுக்கு வருவதற்குள் அடுத்த தள்ளல் வந்து, கால் கடைசி வரை நீண்டு டமாலென்று முட்டியது. முதல் தள்ளலையே சிறியதாக்கினோம். பிறகு அதற்கேற்பத் திரும்பும் வேகத்தை மறுபடியும் சரிசெய்தோம். வாரக்கணக்கில் இதே வேலை.

ஒருநாள் தள்ளல் முடிந்தபின் கண்கட்டோடு வெகுநேரம் காத்திருந்தேன். பொறுமை போய், "எப்ப நடுவுக்குக் கொண்டு வரப் போறே?" என்று கேட்டேன்.

"சீட்டு எப்பவோ நடுவுக்கு வந்துடுச்சு" என்றான் அவன்.

கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் கட்டிக்கொண்டு இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன்.

அந்தப் பைலட் மீண்டும் வந்தார். பக்கவாட்டில் அடிக்கும் காற்றில் விமானத்தை இறக்குவதுதான் சோதனை. காற்று அடித்தபோது தோளைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார். இறங்கி வந்ததும், "காத்து ரொம்ப பலமா இருக்கே. குறைக்காதீங்க, பிள்ளைங்க பழகட்டும்" என்றார்.

இருக்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வாசல்வரை போய் அவரைக் காரில் ஏற்றி அனுப்பினோம். பிறகு, காக்பிட்டையும் கால்களையும் பிரித்து, பயிற்சிப் பள்ளிக்கு லாரியில் ஏற்றி அனுப்புவது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தோம்.